நேபாள மலைக் கிராமங்களில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள்: அழைப்பு யாருடையது, காலம் எவ்வளவு?

நேபாளத்தின் நடுமலைப் பகுதியில் உள்ள பல கிராமங்களில் இன்று இளைஞர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. படிக்கட்டு வயல்களில் மக்காச்சோளமும் கேழ்வரகும் விளைகின்றன. அவற்றில் களையெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களுமே. ஆண்மக்களில் பெரும்பகுதியினர் கத்தார், சவூதி அரேபியா, மலேசியா என்று பிழைப்புத் தேடிப் போயிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு நிகரானது. இப்படித் தன் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட அதே கிராமத்துக்கு, அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள் தொண்டு செய்வதற்காக வந்து சேர்கிறார்கள். ஒருவர் இரண்டு ஆண்டுகள் தங்குகிறார். இன்னொருவர் இரண்டு வாரங்களில் கிளம்பிவிடுகிறார். இருவரையும் தன்னார்வலர் என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். ஆனால் கிராமத்துக்கு அவர்களால் கிடைப்பது ஒன்றல்ல. சில வேளைகளில் அது நேர் எதிரானதாகவும் இருக்கிறது. வந்தவரின் நல்லெண்ணத்தை அளந்து இந்த வேறுபாட்டை விளக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. அவரை அழைத்தது யார், எந்த வேலைக்கு அழைத்தார்கள், எவ்வளவு காலத்துக்கு, ஊர்மொழி தெரிந்து வந்தாரா, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற ஏற்பாடுகளில்தான் விளக்கம் இருக்கிறது.

வெளிநாட்டு இளைஞர்கள் ஒரு சிற்றூரில் போய்த் தங்கி உடலுழைப்பைத் தருவது என்ற வழக்கம் போரின் இடிபாடுகளில் தொடங்கியது. முதல் உலகப் போரில் வெர்டன் போர்க்களத்தை ஒட்டியிருந்த எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமம் முற்றாக அழிந்துபோனது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் செரெசோல் 1920 இறுதியில் ஒரு சிறு குழுவுடன் அங்கு சென்று, இடிபாடுகளை அகற்றி, குண்டு விழுந்த பள்ளங்களை நிரப்பி, ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு மரக்குடிசைகள் அமைக்கும் வேலையைத் தொடங்கினார். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள் என்பதுதான் அதன் உயிர்ப்பான செய்தி. அதுவே அதற்கு இடையூறாகவும் அமைந்தது. வட்டார நிர்வாகத்தின் ஒத்துழைப்பு கிடைக்காமல் சில மாதங்களிலேயே அவர்கள் வெளியேற நேர்ந்தது. ஊர் மக்கள் ஏற்றுக்கொண்டாலும் நிர்வாகம் ஏற்காவிட்டால் தொண்டு நிலைக்காது என்பதை இந்த முதல் முயற்சியே காட்டிவிட்டது. அதிலிருந்து வளர்ந்த சர்வதேச சிவில் சர்வீஸ் என்ற இயக்கம் பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. நேபாளத்தையும் வட பீகாரையும் 1934 ஜனவரி 15 அன்று உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, செரெசோலும் அவருடைய ஐரோப்பியத் தோழர்கள் சிலரும் முசாபர்பூர் பகுதியில் வெள்ளம் ஏறாத மேட்டு நிலங்களில் புதிய குடியிருப்புகளை அமைக்கும் பணியில் ஊர் மக்களுடன் சேர்ந்து உழைத்தார்கள். எஸ்னைப் போலன்றி, இங்கே ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரண முயற்சி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த வழக்கம் அரசுகளின் திட்டமாக மாறியது. பிரிட்டனில் அலெக் டிக்சன் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. (வெளிநாட்டுத் தன்னார்வச் சேவை) அமைப்பு முதலில் பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதினரையே அனுப்பியது. சில ஆண்டுகளிலேயே பட்டதாரிகளும் தொழில் தெரிந்தவர்களும் தேவை என்ற முடிவுக்கு அது வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் அதிபர் கென்னடி 1961 மார்ச் 1 அன்று ஆணை பிறப்பித்து, தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கார்ப்ஸ் என்ற அரசு அமைப்பை உருவாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் முதல் குழு ஆசிரியர்களாக கானாவில் இறங்கியது. ஜப்பான் 1965இல் இளைஞர் ஒத்துழைப்புத் தொண்டர் திட்டத்தைத் தொடங்கி முதல் குழுவை லாவோஸுக்கு அனுப்பியது. அந்தத் திட்டம் 2016இல் மகசேசே விருது பெற்றது. இவற்றின் பின்னணியில் பனிப்போர் அரசியல் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் மனத்தை வெல்வது வாஷிங்டனின் கணக்கில் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு மட்டுமே கிராமத்தில் நடந்ததைத் தீர்மானிக்கவில்லை.

நேபாளத்துக்குப் பீஸ் கார்ப்ஸின் முதல் குழு 1962இல் வந்தது. பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்களின் ஆட்சி முடிந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன. காத்மாண்டுவைச் சமவெளியுடன் இணைத்த முதல் மோட்டார் சாலையான திரிபுவன் ராஜபாதை 1956இல்தான் முடிந்திருந்தது. எழுத்தறிவு பெற்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மலைப் பகுதியில் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் அறிவியலும் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்க ஆள் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் ஓர் இளம் அமெரிக்கப் பட்டதாரிக்குத் தெளிவான பயன் இருந்தது. பல நாள் நடந்து ஊரைச் சேர்ந்தவருக்கு அங்கே ஒரு தலைமையாசிரியர், ஒரு பாடத்திட்டம், ஒரு மணியடிப்பு, எதிரே அமர்ந்திருக்கும் மாணவர்கள் என்று எல்லாம் ஆயத்தமாக இருந்தன. அவர் எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வகுப்புக்குப் போனால் போதும்.

இதற்கு மாறாக, அறுபதுகளில் இந்தியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சமுதாய வளர்ச்சி என்ற பெயரில் அனுப்பப்பட்ட பலர் திண்டாடினார்கள். இலக்கியமோ வரலாறோ படித்த ஒருவரை, குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாமல், ஊரை முன்னேற்று என்று சொல்லி ஒரு கிராமத்தில் இறக்கிவிட்டால் அவர் என்ன செய்வார்? ஊர் மக்களுக்கும் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது புரியவில்லை. இந்தியாவில் கோழி வளர்ப்பைப் போன்ற குறுகிய, கையால் செய்து காட்டக்கூடிய வேலைகள் தரப்பட்டவர்கள் ஒப்பீட்டளவில் நன்றாகச் செய்தார்கள். அரசுகளுக்கிடையிலான உறவு கசந்த காலத்தில் தொண்டர்களின் எண்ணிக்கை குறைந்து, 1976இல் பீஸ் கார்ப்ஸ் இந்தியாவை விட்டு முழுவதும் வெளியேறியது. நேபாளத்தில் அது நாற்பத்திரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இயங்கி, மாவோயிஸ்டுப் போர் உச்சத்தில் இருந்த 2004இல் நின்று, 2012இல் மீண்டும் வந்தது. இம்முறை அது முதலில் கையில் எடுத்தது உணவுப் பாதுகாப்பு. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில், மற்றவர் வயலில் என்றாகிவிட்ட வீடுகளில் குழந்தைகளின் ஊட்டச்சத்து ஒரு பெரும் சிக்கலாக இருந்தது அதற்குக் காரணம்.

பீஸ் கார்ப்ஸில் இன்றைய பணிக்காலம் இருபத்தேழு மாதங்கள். அதில் முதல் மூன்று மாதங்கள் பயிற்சி. இதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாமே இதைப் பொறுத்திருக்கிறது. பயிற்சியாளர்கள் நேபாளிகள். வந்தவர் அந்த மூன்று மாதமும் ஒரு கிராமத்துக் குடும்பத்துடன் தங்குகிறார். பகலில் மொழி வகுப்பு, மாலையில் அந்த மொழியைப் பேசியே ஆக வேண்டிய வீடு. வகுப்பறையில் கிடைக்காத பாடம் அடுக்களையில் கிடைக்கிறது. தான் சாப்பிட்ட தட்டிலிருந்த எதையும் பொதுப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது, தன் வாய்பட்ட கரண்டியைப் பானையில் இடக் கூடாது என்ற எச்சில் கட்டுப்பாட்டைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே கிண்ணத்திலிருந்து நண்பர்களோடு பகிர்ந்து உண்டு வளர்ந்தவருக்கு அது முதல் வாரத்திலேயே முகத்தில் அடிக்கும் அதிர்ச்சியாகிறது. பல வீடுகளில் மாதவிலக்கு நாள்களில் பெண்கள் அடுக்களைக்குள் நுழைவதில்லை. விருந்தினராக வந்திருக்கும் இளம் பெண்ணும் அந்த நாள்களில் வெளியே அமர்ந்துதான் உண்ண வேண்டும் என்று வீட்டுத் தலைவி எதிர்பார்க்கக்கூடும். மேற்கு நேபாளத்தில் பெண்களைத் தனிக்குடிசையில் ஒதுக்கிவைக்கும் சௌபடி வழக்கத்தை 2017இல் நாடாளுமன்றம் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டது. ஆனாலும் அடுக்களை விலக்கு எத்தனையோ வீடுகளில் தொடர்கிறது. அதை ஏற்று நடப்பதா, மறுப்பதா, மறுத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அண்டை வீட்டார் முன்னால் என்ன ஆகும் என்று தீர ஆலோசித்து முடிவெடுக்க வேண்டிய நிலை இருபத்திரண்டு வயதில் வருகிறது. இரண்டு வாரத்துக்கு வருபவருக்கு இந்தக் கேள்வி எழுவதற்கே வாய்ப்பில்லை. எழுந்தாலும் விடை தேட நேரமில்லை.

பணியிடக் கிராமத்துக்குப் போன பிறகும் முதல் சில மாதங்களில் வெளியில் தெரியும்படி பெரிதாக எதுவும் நடப்பதில்லை. தேநீர் குடிப்பது, அன்னையர் குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்வது, நாற்று நடும்போது சேற்றில் இறங்குவது என்றே நாள்கள் கழிகின்றன. இதை வீண் காலம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த மாதங்கள் இல்லாமல் அடுத்து வரும் எதுவும் இல்லை. சியாங்ஜா, பால்பா, குல்மி போன்ற மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் ஆரஞ்சு நல்ல வருமானம் தரும் பயிர். பராமரிப்பு இல்லாத தோட்டங்களில் மரங்கள் நுனிகாய்ந்து, மெல்லப் பட்டுப்போகின்றன. காய்ந்த கிளைகளை வெட்டி, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்த போர்டோ பசையைப் பூசுவது இதற்கான எளிய வேலைகளில் ஒன்று. பக்கத்துச் சந்தையில் கிடைக்கும் பொருள்கள்; புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அரசு வேளாண் அலுவலகத்துக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் அங்கிருக்கும் சில அலுவலர்களால் எல்லா ஊர்களுக்கும் ஏறி வர முடியாது. ஊரில் தங்கியிருக்கும் தொண்டர் ஒரு வீட்டின் ஐந்து மரங்களில் இதைச் செய்து காட்டி, அடுத்த பருவத்தில் காய்ப்பைப் பார்க்கும் வரையில் அங்கேயே இருக்கிறார். விவசாயி பேச்சை நம்புவதில்லை, பருவத்தை நம்புகிறார். ஒரு பழமரத்தின் விளைவை அறிய ஓராண்டாவது வேண்டும் என்றால், அதற்கும் குறைந்த காலத்துக்கு வருபவர் எதையும் மெய்ப்பித்துவிட்டுப் போக முடியாது. அவர் சொல்லிவிட்டுப் போகலாம், அவ்வளவே.

எழுதும் சொல் எங்கே போய்ச் சேரும் என்று எண்ணாமல் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 1961 அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது. நைஜீரியாவின் இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுவந்த ஓர் அமெரிக்கத் தொண்டர், அங்குள்ள வாழ்க்கை நிலையை மிகவும் பின்தங்கிய நிலை என்ற பொருள்படத் தன் நண்பருக்கு எழுதிய அஞ்சலட்டை தவறி விழுந்து நைஜீரிய மாணவர்களின் கையில் கிடைத்தது. மாணவர்கள் பீஸ் கார்ப்ஸை வெளியேற்றச் சொல்லிப் போராடினார்கள். அவர் நாடு திரும்ப நேர்ந்தது. அவர் தீய எண்ணத்துடன் எழுதவில்லை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் எவரும் எழுதக்கூடியதைத்தான் எழுதினார். ஆனால் தாங்கள் காட்சிப்பொருளாக விவரிக்கப்படுவதை ஊரார் படிக்கும்போது அவர்களுக்கு எப்படியிருக்கும் என்பதை அந்த அட்டை உலகுக்குச் சொல்லிவிட்டது. இன்று ஒவ்வொரு தொண்டரின் கைப்பேசியிலும் அப்படியான நூறு அட்டைகள் இருக்கின்றன. குழந்தைகளைச் சூழ நிறுத்தி எடுத்த படங்களை வலைத்தளங்களில் இடுவோர் அந்தப் பெற்றோரிடம் கேட்டார்களா என்பதை நாம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடுமையான எதிர்ப்புக் குரல் 1968இல் எழுந்தது. கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் போகும் அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் பேசிய பாதிரியார் இவான் இல்லிச், அவர்களை நேருக்கு நேர் நிறுத்தி, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் சொன்னார். ஊர் மக்களின் மொழிகூடத் தெரியாதவர்கள் தாங்கள் செய்வது உதவியா கேடா என்பதையே அறிய முடியாது என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தின் மையம் எனக்கு மறுக்க முடியாததாகத் தோன்றுகிறது. ஆனால் அதை எல்லாருக்கும் ஒன்றுபோலப் பொருத்துவது சரியன்று. இரண்டு ஆண்டு தங்கி, மொழி கற்று, தலைமையாசிரியரின் கீழ் வேலை செய்தவரும் கோடைக்கு வந்துபோனவரும் அவருடைய பேச்சில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இல்லிச்சின் எச்சரிக்கை முழுமையாகப் பொருந்துவது பிற்காலத்தில் வளர்ந்த கட்டணத் தொண்டுச் சுற்றுலாவுக்குத்தான். இங்கே அழைப்பது கிராமம் அன்று. பணம் கட்டும் இளைஞரின் விருப்பத்தை அறிந்த நிறுவனம். எனவே வேலையும் அவருக்கேற்ப அமைகிறது. வாரத்துக்குள் முடிவதாக, படத்தில் தெரிவதாக, மனநிறைவு தருவதாக அது இருக்க வேண்டும். தான்சானியாவில் பள்ளி மாணவியாகச் சுவர் எழுப்பிய ஓர் அமெரிக்கப் பெண், தாங்கள் பகலில் கோணலாக அடுக்கிய செங்கற்களை உள்ளூர் ஆட்கள் இரவில் பிரித்துச் சரியாக அடுக்கிவந்ததை ஒரு நாள் விடியலில் கண்டுகொண்டதாக 2014இல் எழுதினார். ஊரில் கொத்தனார் இருக்கும்போது கொத்து வேலை தெரியாத ஒருவரை வானூர்தியில் வரவழைப்பதன் பொருள் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது. சுவராவது பிரித்துக் கட்டக்கூடியது, குழந்தைகள் அப்படியல்ல.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு பெருகியது. அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். அநாதைகள் பெருகியதால் இல்லங்கள் பெருகவில்லை; அநாதைகளைக் காண வருபவர்கள் பெருகியதால் பெருகின. நேபாளத்திலும் இதே கதைதான். ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களின் பெற்றோர், நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொன்ன தரகர்களிடம் பணம் கொடுத்துப் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். பிள்ளைகளோ சுற்றுலாப் பயணிகள் மிகுந்த காத்மாண்டு, பொக்காரா பகுதிகளின் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓரிரு வாரம் அன்பு காட்டிவிட்டு ஒருவர் பின் ஒருவராக விடைபெறும் வெளிநாட்டு அண்ணன்களையும் அக்காக்களையும் பார்த்து வளரும் ஐந்து வயதுக் குழந்தையின் மனத்தில் என்ன நடக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் பலிகொண்ட 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின், பெற்றோரோ பொறுப்பான உறவினரோ இல்லாமல் குழந்தைகளை இடம் மாற்றுவதற்கு நேபாள அரசு தடை விதித்ததற்கு இந்தப் பழைய அனுபவமே காரணம். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைமுறை பற்றிய தன் 2017 அறிக்கையில் அநாதை இல்லக் கடத்தலையும், அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து ஆதாயத்துக்காக இல்லங்களில் சேர்ப்பதையும், சேர்த்தது. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்து ஊதியமின்றிக்கூட வேலை செய்வது விதிமீறல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் இடைத்தரகர்கள் பலர் இதை இளைஞர்களிடம் சொல்வதில்லை.

இருபத்தேழு மாதத் தொண்டிலும் அதிகப் பயன் அடைவது கிராமமா, வந்தவரா என்று கேட்டால், பெரும்பாலும் வந்தவரே என்று சொல்லத்தான் வேண்டும். நேபாள ஆய்வுத் துறையில் பெயர் பெற்ற அமெரிக்க மானிடவியலாளர்கள் சிலர், முதல் குழுவில் வந்த ஜேம்ஸ் ஃபிஷர் உட்பட, பீஸ் கார்ப்ஸ் தொண்டர்களாகத்தான் அந்நாட்டை முதலில் அறிந்தார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்த அமைப்பின் சட்டமே மூன்று நோக்கங்களைக் கூறி, அவற்றில் இரண்டை நாடுகளின் மக்கள் ஒருவரையொருவர் அறிவதற்கே ஒதுக்கியிருக்கிறது. இளைஞர் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார் என்பதை அவரும் ஊரும் தெளிவாக அறிந்திருந்தால் அது நேர்மையான உறவு. ஆனால் அந்தக் கல்விக்கான செலவைக் கிராமம் சுமக்கக் கூடாது. ஓர் அறை, இரு வேளை பருப்புச் சோறு, தலைமையாசிரியரின் நேரம், நோய்வாய்ப்பட்டால் கவனிப்பு என்று அந்தச் செலவு உண்மையிலேயே பெரியது; தங்கவைக்கும் குடும்பத்துக்கு உரிய தொகை தருவது சலுகையல்ல, அடிப்படைக் கடமை.

உலகெங்கும் பணியிலிருந்த ஏறத்தாழ ஏழாயிரம் தொண்டர்களைப் பீஸ் கார்ப்ஸ் 2020 மார்ச்சில் ஒரே நேரத்தில் திரும்ப அழைத்தது. அறுபது ஆண்டு வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. விடைபெறக்கூட நேரமின்றிப் பலர் கிளம்பினார்கள். யார் தொடங்கிய வேலை நின்றது, யாருடையது தொடர்ந்தது என்று ஒவ்வொரு ஊரிலும் அப்போது வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். தனி ஆளாக நடத்தியது அன்றே நின்றிருக்கும். அன்னையர் குழுவோ பள்ளியோ தன்னுடையதாக எடுத்துக்கொண்டது ஓடியிருக்கும். தொண்டர்கள் மீண்டும் அனுப்பப்படத் தொடங்கியது 2022இல்தான்.

இதற்கிடையே அழைப்பவர் யார் என்பதே நேபாளத்தில் மாறிவிட்டது. முன்பு காத்மாண்டுவில் ஓர் அமைச்சகம் கையெழுத்திட, எந்த ஊருக்கு யார் போவது என்பது மேலிருந்து முடிவானது. புதிய அரசியலமைப்பின்படி 2017இல் தேர்தல் நடந்து 753 உள்ளாட்சி அமைப்புகள் உருவான பிறகு, பள்ளியும் அடிப்படை வேளாண் சேவையும் சுகாதார நிலையமும் அவற்றின் பொறுப்புக்கு வந்துள்ளன. ஒவ்வொரு கிராம நகராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருக்கிறார், வார்டு அலுவலகம் இருக்கிறது, வேளாண் தொழில்நுட்பப் பணியாளர் இருக்கிறார். ஆரஞ்சுத் தோட்டத்துக்கு ஆள் தேவையா, அறிவியல் ஆசிரியர் தேவையா, அல்லது இரண்டும் வேண்டாம், அந்தப் பணத்தில் ஊர்ப் பட்டதாரி ஒருவருக்கே வேலை கொடுத்துவிடலாமா என்று அந்த வார்டுக் கூட்டமே கேட்டு முடிவெடுக்க இப்போது வழி இருக்கிறது. கத்தாரிலிருந்து ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியிருக்கும் இளைஞர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். வெளிநாட்டில் அந்நியராக வாழ்வது எப்படியென்று தெரிந்தவர்கள் அந்த ஊரில் அவர்கள்தான்.